வன்னி எழுத்தாளரிடம் போரை மட்டும் கேட்காதீர்கள்

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே இருக்கும் வன்னியில் வாழும் எழுத்தாளர் ஒருவருடைய நேர்காணலை எடுத்துப் படித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்து இதழில் வந்ததாக இருக்கலாம், சென்னையில் அச்சானதாக இருக்கலாம், கனடாவில் இருந்து ஒருவர் சூம் வழியாகப் பதிவு செய்ததாகவும் இருக்கலாம். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், முதல் கதை வந்த பத்திரிகை என்று தொடங்கும். கொஞ்ச நேரத்தில் போர் முடிந்த 2009 மே வந்துவிடும். அப்போது எங்கே இருந்தீர்கள், என்ன கண்டீர்கள், யாரை இழந்தீர்கள். அதற்குப் பிறகு பேச்சு அந்த இடத்தை விட்டு நகராது.

அந்தக் கேள்விகள் தேவையானவை. முள்ளிவாய்க்காலில் நடந்ததைச் சொல்லக்கூடியவர்கள் சொல்லத்தான் வேண்டும், நாம் கேட்டுக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். என் மனக்குறை வேறு. யாழ்ப்பாணத்துப் பேராசிரியரிடமும் கொழும்பு விமர்சகரிடமும் கருத்தைக் கேட்கிறோம். வன்னிக்காரரிடம் அனுபவத்தை மட்டும் கேட்கிறோம். கடவுள், சாவு, காணி, சாதி, நீதி என்று ஒரு வாழ்நாள் முழுக்க யோசித்த மனிதர் முன்னால் இருக்கிறார். அவரிடம் நாம் வாங்கிக்கொண்டு போவது ஒரு வாக்குமூலத்தை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, இதனால் எவை கேட்கப்படாமலே போகின்றன என்று பார்க்க விரும்புகிறேன். சமயம், நம்பிக்கை பற்றிய பேச்சில்தான் இழப்பு அதிகம் என்பதால் அதையே மையமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஈழத்தில் எழுத்தாளரோடு உட்கார்ந்து கதைத்து அதை அச்சில் போடுவதற்கு நல்ல மரபு உண்டு. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை எழுத்தாளர்களின் முகத்தை அட்டையில் போட்டு மதித்தது. எம். பௌசர் நடத்திய மூன்றாவது மனிதன் நீண்ட நேர்காணல்களுக்குப் பேர்போனது. திருமறைக் கலாமன்றத்தின் கலைமுகமும் அல்வாயிலிருந்து வரும் ஜீவநதியும் அந்த வழியில் நிறையச் செய்திருக்கின்றன. இந்த இதழ்களுக்குப் பின்னணியில் ஒரு பெரிய விவாதம் இருந்தது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் மார்க்சியப் பார்வையில் இலக்கியத்தைச் சமூகத்தோடு சேர்த்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். புங்குடுதீவில் இருந்து மு. தளையசிங்கம் (1935–1973) அதற்கு வேறொரு பதில் சொன்னார். ஆன்மிகத்தையும் சமூக மாற்றத்தையும் பிரிக்கக்கூடாது என்பது அவருடைய நிலை. அதை எழுத்தோடு விட்டுவிடாமல், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஊர்க் கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை வேண்டி 1971இல் போராடிப் பொலிசாரிடம் அடிவாங்கினார். நம்பிக்கை பற்றி ஈழத்தில் நடந்த மிகத் தீவிரமான உரையாடல் என்று நான் கருதுவது இதைத்தான்.

அந்த உரையாடலில் வன்னி அநேகமாக இல்லை. யாழ்ப்பாணத்தாருக்கு வன்னி அப்போது காடு, மலேரியா, நெல்லு, தண்டனை இடமாற்றம். இரணைமடுக் குளத்தின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் குடியேற்றங்கள் வந்த பிறகும், விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்கள் வந்த பிறகும், வன்னியை உழைக்கும் இடமாகப் பார்த்தார்களே ஒழிய யோசிக்கும் இடமாகப் பார்க்கவில்லை. முல்லைமணி, அ. பாலமனோகரன், தாமரைச்செல்வி போன்றவர்கள் இந்த மண்ணில் இருந்துதான் எழுதினார்கள். அவர்களுக்கு மதிப்புக் கிடைத்தது. ஆனாலும் அது பெரும்பாலும் மண்வாசனைக்குக் கிடைத்த மதிப்பாக இருந்தது.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு நிலைமை மாறியது. யாழ்ப்பாணத்து எழுத்தாளர்கள் பலர் வன்னிக்கு வந்தார்கள். வெளிச்சம் போன்ற இதழ்கள், ஈழநாதம் பத்திரிகை, வானொலி, கவியரங்குகள் என்று ஒரு பெரிய எழுத்துலகம் இங்கே இயங்கியது. ஆனால் இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், ஆட்சியில் எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்டுவிட முடியாது. 2009க்குப் பிறகு வேறு விதமான கட்டுப்பாடு வந்தது. வெளியில் இருந்து ஒருவர் வந்து அரை நாள் கதைத்துவிட்டுப் போனால், வந்தது யார், என்ன கேட்டார் என்று விசாரிக்க ஆள் வரும் காலம் நெடுநாள் நீடித்தது. ஆகவே இரண்டு காலத்திலும் மனம்விட்டுக் கதைக்கப் பழகாத ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. போரைப் பற்றிச் சொல்வதற்காவது ஒரு வடிவம் உருவாகிவிட்டது. நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல அதுகூட உருவாகவில்லை.

சரி, என்ன கேட்கலாம்? வற்றாப்பளையில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்கு மிகவும் நெருக்கமானது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடல் ஓரமாக இருக்கிறது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து இங்கே தங்கினாள் என்பது ஐதிகம். மாடு மேய்த்த பெடியன்கள் ஒரு கிழவியைக் கண்டு இரங்கிப் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை எடுத்து ஊற்றி ஏற்றுங்கள் என்கிறாள் கிழவி, விளக்கு எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள், பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு ஏற்றி, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுவந்து, திங்கட்கிழமை விடிய விடியப் பொங்கல் நடக்கிறது. பாக்குத் தெண்டல், வளந்து (பொங்கல் பானை) நேர்தல், சிலம்பு கூறல் என்று ஒவ்வொரு படிக்கும் முறை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் உரிமைக்காரர் இருக்கிறார்கள்.

வெளியில் இருந்து வருபவர்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி: கடல்நீரில் விளக்கு உண்மையாகவே எரியுமா? அந்தக் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். தீர்த்தம் எடுக்கும் உரிமை யாருக்கு, அது எப்படி வந்தது, இடம்பெயர்ந்து கிடந்த வருடங்களில் அந்தக் கடமையை யார் எங்கே செய்தார்கள், முகாமில் இருந்து திரும்பி முதல் பொங்கல் பொங்கியபோது எதை மாற்றினார்கள், எதை மாற்ற மறுத்தார்கள் என்று கேட்டால் ஒரு சமூகத்தின் முழு அமைப்பும் வெளியே வரும். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கண்ணகி வழிபாட்டுக்குப் பின்னால் ஒரு கருத்துப் போரும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் சைவத்தை ஆகமத்தின்படி சீர்செய்ய முனைந்தபோது, கண்ணகியைச் சமணச் செட்டிப் பெண் என்று சொல்லி அந்த வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். காலப்போக்கில் யாழ்ப்பாணத்தில் பல கண்ணகை கோயில்கள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று ஆகமத் தெய்வங்களின் கோயில்களாக மாறின. வன்னியிலும் மட்டக்களப்பிலும் கண்ணகி கண்ணகியாகவே நின்றாள். சிங்கள மக்களிடம் பத்தினித் தெய்வமாக இருப்பவளும் அவளே. நாவலரின் சீர்திருத்தத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ நூல்கள், கருத்தரங்குகள் வந்துவிட்டன. அந்தச் சீர்திருத்தம் வன்னியில் ஏன் அந்த அளவுக்கு எடுபடவில்லை என்று ஒரு வன்னிக் கூத்துக் கலைஞரிடம் கேட்டிருக்கிறோமா? முல்லைத்தீவில் மோடி என்ற கூத்து வகையில் கோவலன் கதையை ஆடிவரும் அண்ணாவியார் (கூத்து ஆசான்) ஒருவருக்கு இதைப் பற்றித் திடமான கருத்து இருக்கும். அவர் பாட்டை மட்டும் பதிவு செய்துவிட்டு வந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2009 மேயில் சனம் கடைசியாகக் கடந்து வந்த தண்ணீரும் நந்திக்கடல்தான். மே 18 நினைவேந்தலும் வைகாசிப் பொங்கலும் வருடந்தோறும் சில கிழமை இடைவெளிக்குள் வருகின்றன. ஒரு கிழமை முள்ளிவாய்க்கால் மண்ணில் விளக்கேற்றிக் கஞ்சி குடித்த குடும்பம், சில கிழமைக்குள் சில மைல் தள்ளி வளந்து வைத்துப் பொங்குகிறது. துக்கத்தில் இருந்து பொங்கலுக்கு அந்த மனம் எப்படி வருகிறது? உப்புக் கஞ்சி அந்தக் கடைசி நாட்களில் கிடைத்த ஒரே உணவு. இப்போது அதைக் காய்ச்சிப் பகிர்வதற்கு ஒரு சடங்கின் கனம் வந்துவிட்டது. எந்த ஆகமமும் சொல்லாத, எந்தக் குருக்களும் தேவைப்படாத, சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்து செய்கிற ஒரு சடங்கு நம் கண் முன்னால் பிறந்திருக்கிறது. இதைப் பற்றிச் சிந்திக்கத் தகுதியான முதல் ஆட்கள் அதைக் காய்ச்சும் பெண்கள்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அரசனிடம் நீதி கேட்டுப் போன கண்ணகியையும், காணாமல் ஆக்கப்பட்டோருக்காகப் போராடும் தாய்மாரையும் சேர்த்துக் கவிதை எழுதுவது மிகவும் சுலபம். நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் கண்ணகி கேட்டாள், தீர்ப்பு வந்தது, ஊர் எரிந்தது. எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காக நீண்டது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டிலில் இருந்த அம்மாமார் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். அவர்களிடம் கண்ணகியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. சிலருக்குத் தெய்வத்தின் மேல் கோபம் இருக்கும். சிலருக்கு அந்தக் கோபத்தைச் சொல்லப் பயம் இருக்கும். மகன் உயிரோடு இருக்கிறான் என்று சாத்திரம் சொல்லியிருக்கும், குறி சொல்லியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். நேர்த்தி வைத்திருப்பார்கள், பிள்ளை வந்தால் செய்கிறேன் என்ற அந்த நேர்த்தி நிறைவேறாமல் கிடக்கிறது. கிரியை செய்தால் செத்துப்போனதாக ஒப்புக்கொள்வதாகிவிடும், செய்யாவிட்டால் ஆத்மா அலையுமோ என்ற பயம். சமயத் தத்துவத்தில் இதைவிடக் கடினமான கேள்வி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதைக் கேட்பவர் அவசரப்படாமல், பதிவுக் கருவியை அணைத்துவிட்டு, அன்றைக்குப் பதில் வராவிட்டால் வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருக்க வேண்டும்.

மன்னார்ப் பக்கம் போனால் கதை வேறு. மடு மாதா கோயிலின் தொடக்கமே ஓர் இடப்பெயர்வு. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு 1670இல் சில குடும்பங்கள் காட்டுக்குள் வந்தன. 1999 நவம்பரில் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது சொரூபத்தை மறுபடி எடுத்துக்கொண்டு குருமார் தேவன்பிட்டிக்குப் போனார்கள். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்தார். மடுவுக்குச் சைவரும் போவார்கள், தெற்கிலிருந்து சிங்களக் கத்தோலிக்கரும் வருவார்கள். பாம்புக் கடிக்கு மடு மண் நல்லது என்ற நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு. அதே பாம்புப் பயத்துக்குப் புளியங்குளத்துக்குப் பக்கத்தில் புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைப்பவர்களும் இவர்களே. காட்டில் வயல் செய்பவனுக்குப் பாம்புதான் முதல் உண்மை, எந்தச் சமயம் என்பது பிறகு.

இந்த மன்னார் மறைமாவட்டத்தில் 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்தவர் இராயப்பு ஜோசப். 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் அவர் வைத்த கணக்கு எல்லோருக்கும் தெரியும். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்பது அவருடைய கேள்வி. 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறக்கும் வரை அவரைச் செய்தியாளர்கள் அரசியல் ஆளுமையாகவே பார்த்தார்கள். எனக்கோ அந்தக் கணக்கு ஒரு மேய்ப்பர் செய்த சமயக் காரியமாகத் தெரிகிறது. ஒவ்வோர் ஆளும் எண்ணப்பட வேண்டியவர் என்பதற்குப் பின்னால் ஓர் இறையியல் இருக்கிறது. அந்த இறையியலை அவரோடு நேருக்கு நேர் விரிவாகக் கதைத்திருந்தால் இன்று நமக்கு ஒரு பெரிய சொத்து இருந்திருக்கும்.

இப்படிக் கேட்க முடியாமல் போனவர்கள் பலர். கிளிநொச்சியில் மனித உரிமைப் பணி செய்த அருட்தந்தை எம். எக்ஸ். கருணாரட்ணம் 2008 ஏப்ரல் 20 அன்று கிளைமோர்க் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனார், இன்றுவரை தகவல் இல்லை. புதுவை இரத்தினதுரையும் அப்படியே. இடதுசாரியாகத் தொடங்கி, சிற்பியாகத் தொழில் செய்து, இயக்கத்தின் கவிஞராகி, அதே கையால் நல்லூர் முருகன் மேல் பக்திப் பாடல்களும் எழுதியவர் அவர். மார்க்சியமும் முருகனும் விடுதலையும் ஒரு மனதில் எப்படிச் சேர்ந்து இருந்தன என்று அவரே விளக்கியிருந்தால் அது ஈழத் தமிழரின் மன வரலாற்றில் ஓர் அத்தியாயமாக இருந்திருக்கும்.

இயக்கக் காலத்தின் சமய வரலாறும் இன்னும் ஒழுங்காகக் கதைக்கப்படவில்லை. 1989 நவம்பர் 27 அன்று முதல் மாவீரர் நாள். 1990களின் தொடக்கத்தில் போராளிகளை எரிக்கும் வழக்கத்தை விட்டுப் புதைக்கும் வழக்கம் வந்தது, துயிலும் இல்லங்கள் எழுந்தன. சைவக் குடும்பத்துப் பிள்ளையைப் புதைப்பது சின்ன மாற்றம் கிடையாது. எல்லாச் சாதிக்கும், எல்லாச் சமயத்துக்கும் ஒரே வரிசையில் ஒரே மாதிரிக் கல்லறை என்பது அதற்கு முன்னர் வன்னிச் சுடலைகளில் இருந்ததில்லை. உப்சாலாப் பல்கலைக்கழகத்துப் பீற்றர் சால்க் போன்ற வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைச் சமயவியல் நோக்கில் ஆராய்ந்தார்கள். உள்ளூரில் அந்தப் பெற்றோரிடம், அந்த மாற்றத்தை மனது எப்படி ஏற்றது என்று கேட்டவர்கள் குறைவு. போருக்குப் பிறகு கல்லறைகளை இராணுவம் இடித்தது. 2016 நவம்பரில் கிளிநொச்சிக் கனகபுரத்தில் சனம் உடைந்த கல்லுகளை ஒதுக்கி மறுபடி விளக்கேற்றியது. எது கோயில், எது நினைவிடம் என்ற எல்லை வன்னியில் இப்போது மிகவும் மெல்லியதாகிவிட்டது. இது நல்லதா, இதில் ஆபத்தும் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பேசக்கூடிய எழுத்தாளர்கள் கிளிநொச்சியிலேயே இருக்கிறார்கள்.

வன்னி என்றதும் எல்லோரும் ஒரே வகைச் சனம் என்று நினைப்பது இன்னொரு தடை. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து அடிபட்டு வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். 1977க்குப் பிறகு வந்தவர்களுக்குக் காணியும் கிணறும் பள்ளியும் தர முன்னின்றது காந்தியம் என்ற அமைப்பு. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் சோ. இராஜசுந்தரமும் அதன் தூண்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தப்பிய டேவிட் 2015 வரை வாழ்ந்தார். ஒரு கிறிஸ்தவரும் ஓர் இந்துவும் காந்தியின் பேரில் வவுனியாக் காட்டில் செய்த வேலை, ஈழத்தில் ஒரு கருத்து மண்ணில் இறங்கியதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் குடியேறிகளின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்கள், கவிஞர்கள். போரில் மிக அதிகம் கொடுத்தவர்களில் அவர்களும் அடக்கம். ஆனாலும் கோயில் நிர்வாக சபையில், கலியாணப் பேச்சில், காணி உறுதியில் அவர்கள் இன்னும் வந்தவர்களாகவே நடத்தப்படுவதை இங்கே வாழும் எவரும் அறிவார்கள். அவர்கள் கொண்டுவந்த மாரியம்மனும் முனியாண்டியும் காமன் கூத்தும் வன்னியின் சமய வாழ்வில் ஒரு பகுதி. வன்னிச் சமயம் பற்றிய நேர்காணலில் அந்தக் குரல் இல்லாவிட்டால் அது முழுமையாகாது என்பது என் உறுதியான கருத்து.

முஸ்லிம்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். முள்ளியவளைக்குப் பக்கத்தில் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் அவர்கள் தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கு முழுவதிலும் இருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புத்தளத்திலும் வேறு இடங்களிலும் அகதிகளானார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதைத் தவறு என்று ஏற்றுக்கொண்டார். திரும்பி வந்தவர்களுக்குக் காணிப் பிரச்சினை காத்திருந்தது. பன்னிரண்டு வயதில் துரத்தப்பட்டு நடுவயதில் திரும்பிய ஒருவருக்கு ஊர், அயல், மன்னிப்பு பற்றி இருக்கும் சிந்தனை நமக்குத் தேவை. தமிழ் இதழ்களில் அது அநேகமாகக் கிழக்கில் இருந்தும் புத்தளத்தில் இருந்தும் ஒலிக்கிறது. முல்லைத்தீவில் இருந்து மிக அரிதாகத்தான் கேட்கிறது.

கடைசிப் பத்து வருடத்தில் சமயப் பேச்சு இன்னும் குறுகிவிட்டது. முகாம்களில் இருந்து திரும்பியவர்கள் மத்தியில் பெந்தெகொஸ்தே சபைகள் பெருகின. மதமாற்றம் பற்றிய கோபமும் பெருகியது. 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கியது. 2019 மார்ச்சில் சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீஸ்வர வீதியில் வளைவு ஒன்றைப் பற்றி எழுந்த சண்டை, ஒன்றாக இடம்பெயர்ந்து ஒன்றாகச் செத்த சனத்தைச் சைவர், கத்தோலிக்கர் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியது. அதே வருடம் செப்ரெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில் நீதிமன்ற உத்தரவை மீறி ஒரு பிக்குவின் உடல் எரிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் குருந்தூர்மலையில் அகழ்வு தொடங்கியது. குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்ரெம்பரில் உயிர் அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகினார். நெடுங்கேணி வெடுக்குநாறிமலையில் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைக்கப்பட்டன. அடுத்த வருடச் சிவராத்திரியில் வழிபட்டவர்களில் எட்டுப் பேர் கைதானார்கள்.

இந்தச் சூழலில் ஓர் எழுத்தாளரிடம் குருந்தூர்மலை பற்றிக் கேட்டால் அவருக்கு இரண்டு பதில்தான் விடப்பட்டிருக்கிறது: அது சைவம், அல்லது அது பௌத்தம். மூன்றாவது பதிலுக்கு வரலாற்றில் இடம் இருக்கிறது. தமிழர் மத்தியிலும் பௌத்தம் இருந்தது. பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளையும் பீற்றர் சால்க்கும் சேர்ந்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள், யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் பௌத்த எச்சங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு செங்கல் மேடு பௌத்தத்துக்கு உரியது என்று வந்தாலும், அது சிங்களவருக்கு மட்டும் உரியது என்று ஆகிவிடாது. அந்த மலையில் ஆதி ஐயனாருக்குப் பொங்கும் உரிமையும் அதனால் இல்லாமல் போகாது. ஆனால் தமிழ்ப் பௌத்தம் என்று ஒரு தமிழர் வாய் திறந்தால் அதைக் காணி பிடிக்க வருபவர்கள் பயன்படுத்துவார்கள் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. குருந்தூர்மலைக்குக் கீழே இருக்கும் தண்ணிமுறிப்பு, பாலமனோகரனின் நிலக்கிளி நாவல் (1973) நடக்கும் ஊர். 1984 கடைசியில் அந்த ஊர்ச் சனம் துரத்தப்பட்டது. ஊரை இழந்தவர்களிடம் தொல்லியலை அமைதியாகக் கதைப்போம் என்று சொல்ல நமக்கு உரிமை குறைவு. அதனால் முதலில் தண்ணிமுறிப்பைக் கேட்க வேண்டும், அப்புறம் மலையைக் கேட்கலாம். அந்த வரிசையை மாற்றினால் சுலோகம் மட்டுமே பதிலாக வரும்.

நேர்காணல் செய்ய வன்னிக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல எனக்குச் சில காரியங்கள் உண்டு. நூல் போட்டவர்களை மட்டும் தேடாதீர்கள். கோயில் பூசாரி, மன்னார்க் கத்தோலிக்கக் கோயிலின் சங்கிலித்தாம் (கோயில் பணியாளர்), பள்ளிவாசல் மௌலவி, கூத்து அண்ணாவியார், மாதர் சங்கத் தலைவி எல்லோரும் இந்தப் பேச்சுக்கு உரியவர்கள். கடவுளை நம்புகிறீர்களா என்று தொடங்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்தீர்களா, கடைசியாக வைத்த நேர்த்தி எது, அது நிறைவேறியதா, நிறைவேறாமல் போனபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். விதைப்பு, அறுப்பு நாட்களில் போகாதீர்கள். அந்த நாட்களில் யாருக்கும் தத்துவம் பேச நேரம் இல்லை. எழுதியதை அச்சுக்கு முன் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். எதையாவது நீக்கச் சொன்னால் விவாதிக்காமல் நீக்குங்கள், அந்த வசனத்தின் விலை அவர்களுக்குத்தான் தெரியும்.

எழுத்தாளர்களிடம் போனால், நீங்கள் யாரைப் படித்தீர்கள் என்று கேளுங்கள். இயக்கக் காலத்தில், பொருளாதாரத் தடைக்குள், மண்ணெண்ணெய் விளக்கில் இவர்கள் ருஷ்ய நாவல்களும் இலத்தீன் அமெரிக்கக் கதைகளும் விவிலியமும் திருமந்திரமும் படித்தார்கள். பதுங்குகுழிக்குள்ளும் புத்தகப் பை போனது. இடம்பெயரும் ஒவ்வொரு முறையும் எதை எடுத்துப்போவது, எதைப் புதைப்பது என்று தீர்மானித்தவர்கள் இவர்கள். எந்தப் புத்தகத்தைக் கடைசிவரை வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், அவர் எதை நம்பினார் என்பதும் அந்தப் பதிலிலேயே வந்துவிடும். பாதிப்பேருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இணைய நூலகம் நடத்தும் நூலகம் நிறுவனம் போன்றவை வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்து பொதுவில் வைத்து வருகின்றன, அதனால் பதிவை எங்கே பாதுகாப்பது என்ற கவலை முன்னைப் போல இல்லை. அறுவடை முடிந்து பங்குனி வந்தால் வீடுகளில் ஆக்கள் இருப்பார்கள், கதைக்க நேரமும் இருக்கும்.